பழைய செமி டிரக் வாங்கும்போது எஞ்சினின் பெயரைவிட ஆண்டு முக்கியம்

பழைய செமி டிரக், அதாவது டிரெய்லரை இழுக்கும் கனரக டிரக், வாங்க நினைப்பவர்கள் எஞ்சின் நிறுவனங்களைப் பற்றி முதலில் கேட்பது, கம்மின்ஸ் நல்லதா, டெட்ராய்ட் நல்லதா, கேட்டர்பில்லர் நல்லதா என்பதைத்தான். அந்த எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். அமெரிக்க டிரக்குகளைப் பொறுத்தவரை, ஒரே பெயர் தாங்கிய இரண்டு எஞ்சின்கள் சில ஆண்டு இடைவெளியில் முற்றிலும் வேறு குணம் கொண்டவையாக இருக்கும். அதற்குக் காரணம், எஞ்சின் புகையில் வெளியேறும் மாசைக் கட்டுப்படுத்தும் உமிழ்வு விதிகள்.

2002 அக்டோபரை ஒட்டி, எரிந்த புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். முறை பரவலாயிற்று. 2007 விதியால் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும், 2010 விதியால் டி.இ.எஃப். எனப்படும் யூரியா கரைசலைப் பயன்படுத்திப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். முறையும் வந்தன. ஒவ்வொரு விதி மாறியபோதும் முதலில் வெளிவந்த எஞ்சின்களில்தான் தொல்லை அதிகம். விதி மாறிய மறு ஆண்டின் டிரக் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மலிவுக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, அமெரிக்க டிரக் நிறுவனமான நேவிஸ்டாரின் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின். மற்ற நிறுவனங்கள் எஸ்.சி.ஆர். முறைக்கு மாறியபோது, அந்நிறுவனம் ஈ.ஜி.ஆரை மட்டுமே நம்பி 2010 விதியை எட்ட முயன்று, 2012-இல் அந்த வழியைக் கைவிட்டது. 2011 முதல் 2014 வரையிலான மேக்ஸ்ஃபோர்ஸ் 11, 13 எஞ்சின் டிரக்குகள் தொடர்பான கூட்டு வழக்கு 2019-இல் 13.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. விலை எவ்வளவு குறைந்தாலும் நான் அதன் பக்கம் போகமாட்டேன்.

இதன் மறு முனையில் இருப்பது, 1987-இல் வந்த டெட்ராய்ட் சீரிஸ் 60. அதிலும் ஈ.ஜி.ஆர். இல்லாத 12.7 லிட்டர் வகையைப் பற்றிப் பழைய மெக்கானிக்குகள் இன்றும் பாசத்தோடு பேசுவார்கள். முழுமையான மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்த முதல் கனரக எஞ்சின் என்றாலும், அது எளிமையானது; சேஸிஸிலிருந்து இறக்காமலேயே சிலிண்டரின் உள்ளுறையான லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றிவிடலாம். ஆனால் 2023 முதல் கலிஃபோர்னியாவில் ஓடும் கனரக டீசல் டிரக்குகள் ஏறத்தாழ அனைத்துக்கும் 2010 அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சின் இருந்தாக வேண்டும் என்பதால், அந்த மாநிலத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கு இந்த எஞ்சின் பயன்படாது. கேட்டர்பில்லரோ 2010 விதிக்கேற்ற எஞ்சினைப் பிற நிறுவன டிரக்குகளுக்குச் செய்யப்போவதில்லை என்று 2008-இலேயே அறிவித்து விலகிவிட்டது.

எங்கும் போய்வரக்கூடிய வண்டி வேண்டும் என்றால், 2013-க்குப் பிந்தைய டெட்ராய்ட் டி.டி.13, டி.டி.15 அல்லது கம்மின்ஸின் பிற்கால ஐ.எஸ்.எக்ஸ்.15, எக்ஸ்15 ஆகியவற்றைத்தான் நான் முதலில் தேடுவேன். தொடக்க கால டி.டி.15-இல் புகையின் ஆற்றலைக் கிராங்க் ஷாஃப்ட்டுக்குத் திருப்பும் கூடுதல் டர்பைன் ஒன்று இருந்தது. பிறகு அது எடுக்கப்பட்டதால் பழுதாகக்கூடிய பாகங்கள் குறைந்தன. பழைய ஐ.எஸ்.எக்ஸில் இன்ஜெக்டருக்கும் வால்வுக்கும் தனித்தனிக் கேம் ஷாஃப்ட் உண்டு; அதை வாங்குபவர் வால்வு, இன்ஜெக்டர் அட்ஜஸ்ட்மென்ட் செய்த ரசீதைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

எந்த எஞ்சினாக இருந்தாலும் அது குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். நாம் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் பேனைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்தபின் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது என்று பொருள், ஈ.ஜி.ஆர். கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ பழுதாகியிருக்கலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். டி.பி.எஃப். உள்ள வண்டியானால், புகைக்குழாயின் உட்புறத்தில் விரலால் துடைத்துப் பாருங்கள். நல்ல வடிகட்டி உள்ள குழாய் அநேகமாகச் சுத்தமாக இருக்கும்; விரலில் கரி அப்பிக்கொண்டால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. கழற்றிய வண்டியை வாங்குவது சட்டச் சிக்கலையும் சேர்த்து வாங்குவதாகும்.

ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின்மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மூடி தூக்கியெறியப்பட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு; லேசாக ஆடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் உள்ள அழுத்தத்தை மானோமீட்டர் என்னும் அழுத்தமானியால் அளப்பதே சரி.

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனாலும் பலர் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் கூலன்ட் கசிவு, சிலிக்கன் கூடியிருந்தால் காற்று வழியாகத் தூசி, ஈயமும் தாமிரமும் கூடியிருந்தால் பேரிங் தேய்மானம் என்று அந்த அறிக்கையே பேசிவிடும். விற்பதற்குச் சற்று முன்பு ஆயில் மாற்றியிருந்தால் மட்டும் அந்த அறிக்கையால் பயனில்லை; அப்போது பழைய அறிக்கைகளைக் கேளுங்கள்.

கடைசியாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம்.-இன் பதிவு. ஓடிய மைல்களோடு எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும், அதில் ஐடில் எவ்வளவு என்பதையும் அது காட்டும். நீண்ட நேரம் ஐடிலில் நின்ற வண்டியில் புகையின் வெப்பம் போதாமல் டி.பி.எஃப். அடைத்துக்கொள்ளும் என்பதால், குறைந்த மைல் ஓடியது என்பதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். எஞ்சின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் டீலரிடம் கேட்டால், அங்கே பதிவான வாரன்டி வேலைகள் தெரியவரும். ஓவர்ஹால் செய்தது என்று விற்பவர் சொன்னால், ரசீதில் அதே வரிசை எண் இருக்கிறதா என்றும், லைனரும் பிஸ்டனும் மட்டும்தான் மாற்றினார்களா, பேரிங்கும் சிலிண்டர் ஹெட்டும் சேர்த்துச் செய்தார்களா என்றும் வரிவரியாகப் பாருங்கள்.