கருமத்தம்பட்டியில் விண்ணேற்ற ஞாயிறு

அக்டோபர் தேர்த் திருவிழாவின்போது கருமத்தம்பட்டி புனித ஜெபமாலை அன்னை பேராலயத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. அதனாலேயே நான் மே மாதத்தில், உயிர்த்த இயேசு விண்ணுக்கு ஏறியதை நினைக்கிற விண்ணேற்றப் பெருவிழா அன்று போனேன். இந்தத் திருநாளுக்கு யாரும் தேர் இழுப்பதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை, பிரியாணிக்கு ஆட்டுக்கறி சொல்லி வைப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் வாசல்வரை நின்று பூசை பார்க்கிற கூட்டத்தில் பாதிகூட வராது. இவ்வளவு பெரிய திருநாளை நம்மவர்கள் இப்படிக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்களே என்பது என் நெடுநாள் குறை.

இயேசு உயிர்த்த 40-ஆம் நாள் விண்ணேறினார் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். கணக்குப்படி அது வியாழக்கிழமை. சி.எஸ்.ஐ. சபையார் அன்றே பரமேறுதல் ஆராதனை நடத்திவிடுகிறார்கள். கத்தோலிக்கர் நாம், வேலை நாளில் மக்கள் வரமாட்டார்கள் என்று அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டோம். மாற்றியும் கூட்டம் வரவில்லை.

திருப்பூரிலிருந்து மங்கலம், சோமனூர் வழியாகப் பஸ். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வழியில் சில விசைத்தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. உடன் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் தீர்த்தக்குடம் எடுப்பவர். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் கருமத்தம்பட்டி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்திருந்தார். இந்தப் பக்கத்தில் இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நேர்த்திக்கடனை முடித்துவிட்டு அவரும் பூசைக்கு உட்கார்ந்தார். பீடத்தருகே பாஸ்கா திரி எரிந்துகொண்டிருந்தது. உயிர்ப்பு விழாவின் முந்தைய இரவில் புது நெருப்பிலிருந்து ஏற்றப்படுகிற திரி அது. சிலுவை அடையாளமும் அந்த ஆண்டின் எண்ணும் அதில் பொறித்திருக்கும். ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருக்கும். முன்பெல்லாம் விண்ணேற்ற நாளில் நற்செய்தி வாசித்து முடித்ததும் இந்தத் திரியை அணைத்துவிடுவார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் அது மாறி, தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து விழா வரை எரிகிறது. மாற்றியது நல்லது என்பேன். போனவர் நம்மை விட்டுப் போய்விடவில்லை என்பதுதானே இந்த நாளின் செய்தி. விளக்கை அணைத்துவிட்டு அதை எப்படிச் சொல்வது?

பூசை முடிந்து வெளியே மர நிழலுக்கு வந்ததும் அக்கா கேட்டார்: “ஏனுங்க தம்பி, அவ்வளவு பாடுபட்டு எழுந்து வந்தவர் இங்கேயே இருந்திருக்கலாம் அல்லவா? எதற்குங்க கிளம்பிப் போனார்?”

மறைக்கல்வி வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி. முதலில் லாசரைப் பற்றிச் சொன்னேன். நான்கு நாள் கல்லறையில் கிடந்தவரை இயேசு எழுப்பினார். ஆனால் லாசர் மீண்டும் ஒருநாள் சாகவேண்டியவராகவே எழுந்தார். இயேசுவின் உயிர்ப்பு அப்படிப் பழைய வாழ்வுக்குத் திரும்பியது அல்ல. பூட்டிய அறைக்குள் வந்து நின்றார். ஆவி என்று பயந்தவர்கள் முன்னால் பொரித்த மீனை வாங்கி உண்டார். நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் காயங்களைக் காட்டினார். உடல் அதே உடல்தான், ஆனால் சாவுக்கு இனி அதன்மேல் பிடி இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் இதற்கு விதையைக் காட்டுகிறார்: விதைப்பது வெறும் தானிய மணி, முளைத்து வருவது வேறு உருவம். சோளம் விதைத்த குடும்பத்துப் பெண் அக்கா. அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

போனது ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். இங்கேயே இருந்திருந்தால் அவர் எருசலேமில் ஓரிடத்தில் இருந்திருப்பார். பார்க்க நாம் டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றிருப்போம். தந்தையிடம் போனதால் எந்த ஊர்ப் பீடத்திலும் இருக்கிறார். தந்தையின் வலப்பக்கம் வீற்றிருக்கிறார் என்று நாம் அறிக்கையிடுவது ஓர் இருக்கையைப் பற்றியது அல்ல. தந்தையின் மாட்சியில் அவருக்குள்ள பங்கைப் பற்றியது. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அவர் உடலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆணி பாய்ந்த கைகளோடு போனார். தச்சு வேலை செய்து காய்த்துப்போன மனிதக் கைகள் கடவுளின் மாட்சிக்குள் இருக்கின்றன. உழைத்துத் தேய்ந்த உடம்புகள் நிறைந்த இந்தத் தறிநாட்டில் இதைவிட என்ன பிரசங்கம் வேண்டும்!

நற்செய்திகளுக்குள் இதில் ஒரே சீர் இல்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. மத்தேயு கலிலேய மலையில் கட்டளை கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறார். மேலே போனதைச் சொல்வதே இல்லை. லூக்கா தம் நற்செய்தியில் எல்லாம் ஒரே நாளில் நடந்ததுபோல் முடிக்கிறார். அவரே எழுதிய இரண்டாம் நூலான திருத்தூதர் பணிகளில் 40 நாள் வருகிறது. ஆனால் சீடர்கள் பெருமகிழ்ச்சியோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்கிறார் லூக்கா. ஆண்டவர் கல்லறைக்குப் போனபோது கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்தவர்கள் இவர்கள். அவர் இரண்டாம் முறை பிரிந்து போகும்போது மகிழ்கிறார்கள் என்றால், அதை அவர்கள் பிரிவாக நினைக்கவில்லை.

வானத்தையே பார்த்து நின்றவர்களை வெண்ணாடை அணிந்த இருவர் கடிந்து அனுப்புகிறார்கள். உலகின் கடையெல்லை வரை சாட்சிகளாக இருக்கச் சொன்ன கட்டளை அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. அந்தக் கட்டளையை நம்பி பிரான்சிலிருந்து வந்த மரியோன் பிரெசியாக் 1846 அக்டோபர் 4 அன்று ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது இதே கருமத்தம்பட்டியில்தான். இந்த மண்ணின் மைந்தர்களே குருக்களாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். பிறகு 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார்; 1859-இல் ஃப்ரீடவுனில், கரை இறங்கிய சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். இங்கே வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஞாயிறு என்பதால் ஜெபமாலையில் மகிமைத் தேவ இரகசியங்கள், அதாவது பத்துப் பத்து மணியாகச் செபித்துத் தியானிக்கிற மகிமை நிகழ்ச்சிகள். உயிர்ப்பு முதல் பத்து மணி, விண்ணேற்றம் இரண்டாம் பத்து, தூய ஆவியின் வருகை மூன்றாவது. மூன்றாம் பத்து முடிவதற்குள் அக்காவின் மகள் போனில் அழைத்துவிட்டாள், குழந்தை அழுகிறதாம். மீதியைப் பஸ்ஸில் சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது அக்காவை அடுத்த ஆண்டு பாஸ்கா இரவுக்கு அழைத்தேன். புது நெருப்பு மூட்டுவதும் மணிகள் அடிப்பதும் பார்க்கவேண்டியவை என்றேன்.

“நீங்கள் தீர்த்தக்குடத்துக்கு வந்தால் நானும் வருகிறேனுங்க” என்றார் அவர்.