குண்டுகரிச்சானின் பெயரில் ஒளிந்திருக்கும் சென்னை

மார்ச் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் விடியும் முன்பே குண்டுகரிச்சான் பாடத் தொடங்கிவிடும். அதன் அறிவியல் பெயர் கோப்சைக்கஸ் சாலாரிஸ். முதல் சொல், கிரேக்கத்தில் ஒரு கரும்பறவையின் பெயர். 1827-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வாக்லர் அதைப் பேரினப் பெயராக்கினார்.

சிக்கல் இரண்டாவது சொல்லில்தான். ‘சாலாரிஸ்’ என்று லத்தீனில் ஒரு சொல்லே கிடையாது. வடக்கே இந்தப் பறவையைத் ‘தயால்’ என்பார்கள். ஆங்கிலேயர் காதில் அது ‘டயல்’ என்று விழுந்தது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அதைச் சூரியக் கடிகாரம் என்று எடுத்துக்கொண்டு ‘சோலாரிஸ்’ என்று எழுதப்போக, கை தவறி எழுத்து மாறிவிட்டது என்று பறவையியலாளர் ஜெர்டன் கருதினார். கல்கத்தாவில் இருந்த விலங்கியலாளர் எட்வர்ட் பிளித் இதை ஏற்கவில்லை. நூறு பாட்டு என்று பொருள்படும் ‘சௌலாரி’ என்ற இந்திச் சொல்லே மூலம் என்றார். பிளித் பக்கம்தான் வலு அதிகம். சென்னையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி லண்டனில் இருந்த இயற்கைப் பொருள் சேகரிப்பாளர் பெட்டிவருக்கு ஓர் ஆண் பறவையை அனுப்பியபோதே அந்தப் பெயரும் கூடப் போயிருக்கிறது. 1713-இல் வெளியான ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரேயின் நூலில் அந்தப் பறவை இடம்பெற்றது. லின்னேயஸ் பெயரிட்டது அதற்கு 45 ஆண்டுகள் கழித்து.

ஒருவேளை ஜெர்டன் சொன்னதே சரி என்றாலும் பெயரைத் திருத்த முடியாது. எழுத்துப்பிழை என்பதற்கான சான்று, பெயர் முதலில் வெளியான அந்த நூலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விலங்குகளுக்குப் பெயரிடும் விதி.

பெண்ணாகரம் பக்கத்துப் பாறைக்காடுகளில் வாலை நிமிர்த்திக்கொண்டு தத்தும் கருஞ்சிட்டும் இதே பேரினம்தான்: கோப்சைக்கஸ் ஃபுலிகேட்டஸ். ‘ஃபுலிகா’ என்றால் நாமக்கோழி. ஏரியில் மிதக்கும் நாமக்கோழியின் கருநிறத்தை நினைத்து வைத்த பெயர். நம் பக்கத்து ஆண் கருஞ்சிட்டுக்கு முதுகும் கருப்பு என்பதால் பெயர் பொருந்துகிறது. வட இந்தியாவில் முதுகு பழுப்பு, அங்கே அவ்வளவாக ஒட்டாது. பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசன் இதைப் பிலிப்பைன்ஸ் பறவை என்று எழுதிவிட்டார். அங்கே இது கிடையவே கிடையாது. மூல இடம், அதாவது முதலில் விவரிக்கப்பட்ட பறவை கிடைத்த இடம், புதுச்சேரி என்று பிற்பாடு திருத்தினார்கள். நல்லவேளை, பிலிப்பைன்ஸ் பெயருக்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் தவறு என்று தெரிந்தும் அப்படியே நின்றிருக்கும்.

பறவைப் பட்டியல் எழுதுபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்குகிறார்கள். ஒன்று, அடைப்புக்குறி. லின்னேயஸ் குண்டுகரிச்சானை மலைமைனாவின் பேரினமான கிராகுலாவில் வைத்திருந்தார். பேரினம் மாறிவிட்டதால் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குள் போட வேண்டும். அடைப்பை விட்டால், அவரே கோப்சைக்கஸில் வைத்தார் என்று பொருளாகிவிடும்.

இன்னொன்று, சொல்லின் பால். கருஞ்சிட்டுக்கு 1766-இல் வைத்த பெயர் மோட்டாசில்லா ஃபுலிகேட்டா. மோட்டாசில்லா பெண்பால், கோப்சைக்கஸ் ஆண்பால். அதனால் ஈறு ‘டஸ்’ ஆயிற்று. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகுதான் இது கோப்சைக்கஸுக்கு வந்தது; அதற்கு முன் சாக்சிகோலாய்டஸ் என்ற பேரினத்தில் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பற்றிய பழைய பதிவுகளைத் தேடும்போது சாக்சிகோலாய்டஸ் ஃபுலிகேட்டா, ஃபுலிகேட்டஸ் என்ற இரண்டு வடிவங்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றை விட்டாலும் சில பதிவுகள் கண்ணில் படாமல் போய்விடும்.