சேஸிக்கு எந்த உலோகம்?

வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்ட இறங்குபவர்கள் பலரும் சேஸிக்கு, அதாவது காரின் அடிச்சட்டத்துக்கு, முதலில் தேடுவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகான குரோம்மாலி 4130 குழாயைத்தான். அவசரப்பட வேண்டாம். சாதாரண எஃகான மைல்டு ஸ்டீலைவிட அதற்கு வலிமை அதிகம், உண்மை. ஆனால் விறைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே: சுமார் 200 ஜிகாபாஸ்கல். சேஸி முறுக்கிக்கொள்ளாமல் நிற்பது குழாய்களை முக்கோணமாகப் பிணைப்பதில் இருக்கிறது. குறுக்குக் குழாய் இல்லாத செவ்வகச் சட்டம் எந்த உலோகத்திலும் நெளியும்.

இரண்டு இருக்கை கொண்ட எடை குறைந்த காருக்கு 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் சதுரக் குழாய், 1.6 மி.மீ. சுவர் போதும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுக்கு 3 மி.மீ. தகடு. துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாய் வேண்டவே வேண்டாம். வெல்டிங்கில் கிளம்பும் துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல், மூட்டிலும் துளை விழும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் வெல்டிங்கில்தான். சமதள மேசையில் எல்லா மூட்டுகளுக்கும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் வையுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சரிபார்த்த பிறகே முழு வெல்டிங். அதுவும் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி. ஒரே பக்கமாக முடித்துக்கொண்டே போனால், ஆறும்போது உலோகம் சுருங்கிச் சட்டம் வில்லாக வளைந்துவிடும்.

அலுமினியச் சட்டம் முதல் காருக்கு ஏற்றதல்ல. விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. 6061-டி6 என்ற அலுமினியக் கலவை ரகம் வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் வலிமையைப் பெருமளவு இழக்கும். தரைக்கும் பக்கவாட்டுக்கும் அலுமினியத் தகடு அருமை: ரிவெட்டோடு பசையும் சேர்த்தால் சேஸியே இறுகும். எஃகுக்குப் பெயின்ட் அடித்து, இடையில் சீலன்ட் பூசுங்கள். இரண்டும் நேராகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.