ஈசல் தின்னுட்டு கடல் தாண்டுற வல்லூறு

வல்லூறுன்னாலே புறாவ அடிச்சு தூக்கிட்டுப் போற முரட்டுப் பறவைன்னுதான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், அமூர் வல்லூறு பத்தி படிக்க ஆரம்பிச்சதுல இருந்து அந்த எண்ணமே மாறிப்போச்சு. இது 150 கிராம் சொச்சம்தான், கையில இருக்குற போன்கூட இதவிட வெயிட்டு. சாப்பாடு முக்காவாசி பூச்சி.

சைபீரியாவோட தென்கிழக்கு, வடகிழக்கு சீனா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு முன்னாடி கிளம்பி தென்னாப்பிரிக்கா வரைக்கும் போகுது. போற வழியில அக்டோபர் நவம்பர்ல நாகாலாந்து தோயாங் நீர்த்தேக்கத்துக்கிட்ட லட்சக்கணக்குல இறங்கும். ஏன் அங்கன்னா, ஈசல்! அந்த சமயத்துல மண்ணுலருந்து கும்பல் கும்பலா கிளம்புற ஈசல காத்துலயே கால்ல புடிச்சு, காலை அப்படியே அலகுகிட்ட கொண்டுவந்து பறந்துக்கிட்டே தின்னுரும், எங்கயும் உக்காரக்கூட செய்யாது. கொழுப்பு ஏறுனாத்தான் அடுத்து வர்ற அரபிக்கடல தாண்ட முடியும், நடுவுல இறங்க இடமே கிடையாதே. பின்னாடி காத்து தள்ளிவிடும், அதே கடல தாண்டுற தட்டான்களயும் வழியில புடிச்சு திங்கும்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க.

2012ல அங்க நடந்தத படிச்சப்ப அன்னிக்கு முழுக்க மனசே சரியில்ல. பறவைங்க ராத்திரி அடையிற இடத்துல மீன் வலைய கட்டி விட்டு அந்த ஒரு சீசன்லயே ஒரு லட்சத்துக்கும் மேல புடிச்சு கொன்னாங்கன்னு கணக்கு சொல்றாங்க. ஆனா வில்லன்னு யாரையும் கைகாட்ட எனக்கு மனசு வரல, அணை வந்து நிலம் தண்ணிக்குள்ள போனதுக்கப்புறம் மீன்புடிச்சு பொழச்ச ஜனங்க அவங்க. விஷயம் வெளிய வந்ததும் ஊர்க்காரங்களே உக்காந்து பேசி மறுவருஷமே வேட்டைய நிறுத்திட்டாங்க, வலை கட்டுனவங்கள்லயே சிலபேர் காவலுக்கும் போனாங்க. 2013 நவம்பர்ல மூணு பறவைக்கு சாட்டிலைட் டேக் மாட்டி நாகா, வோக்கா, பாங்டின்னு பேரு வெச்சாங்க. பாங்டிங்கறது அந்த வேட்டை நடந்த ஊரோட பேருதான்.

ஆண் பாக்க சாம்பல் கலர், தொடைப்பக்கம் செம்பழுப்பு, காலு ஆரஞ்சு. றெக்கைய தூக்குறப்ப அடியில பளிச்சுன்னு வெள்ளை தெரிஞ்சா சந்தேகமே வேணாம், இதேதான். பொண்ணுக்கு வயித்துல கோடு கோடா இருக்கும், ஒரே இனம்னு சட்டுன்னு நம்பமாட்டீங்க.

தென்னாப்பிரிக்காவுல ஊருக்குள்ள நிக்கிற யூகலிப்டஸ் மரங்கள்ல ஆயிரக்கணக்குல அடையும். ஏப்ரல் மே வாக்குல திரும்ப அதே கடல், இந்த தடவ தென்மேற்கு காத்து முதுகுல. போக வர 20,000 கிலோமீட்டருக்கு மேல பறக்குற இந்த ஆளு கூடு மட்டும் கட்டவே கட்டாது, மேக்பைன்னு ஒரு காக்கா ஜாதி பறவை போட்டுட்டுப் போன பழைய கூட்டுல போய் முட்டை வெச்சிரும்.