ஏழு வருடம் கழித்து சிஸ்டர்

நாகர்கோவிலில் நர்சிங் முடித்து வார்டுக்குள் கால் வைத்த முதல் நாளே நான் சிஸ்டர் ஆகிவிட்டேன். நோயாளி, கூட வந்தவர், வாசல் வாட்ச்மேன், பெரிய டாக்டர் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். இங்கிலாந்தில் அது பதவியின் பெயர். சம்பளப் படிநிலைக்கு இங்கே பேண்ட் என்று பெயர். பேண்ட் 5-ல் சேர்கிறவர் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் யூனிட்டில் பேண்ட் 7 வந்தால்தான் சிஸ்டர். அதே நாற்காலியில் ஆண் இருந்தால் சார்ஜ் நர்ஸ்.

2016 கடைசியில் வந்தேன். சென்னையில் ஆறு வருடம் ஐசியூவில் வேலை பார்த்திருந்தேன். அப்போதெல்லாம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 7 வேண்டும். எழுத்துப் பகுதி மட்டும் இரண்டு முறை 6.5-ல் நின்று என்னைக் கேலி செய்தது. (2018 இறுதியில் எழுத்துக்கு 6.5 போதும் என்று மாற்றினார்கள். நான் கட்டிய பரீட்சைக் கட்டணத்தை அன்று ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.) வந்த பிறகு நார்த்தாம்ப்டனில் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. கட்டிலில் கிடக்கும் பொம்மையிடம் பெயர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப் பார்த்து, அலர்ஜி விசாரித்து, அப்புறம்தான் ஊசியைத் தொட வேண்டும். உயிருள்ளவர்களுக்கு வருடக்கணக்கில் போட்ட கை அந்தப் பொம்மை முன்னால் நடுங்கியது.

வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று சொன்னதும் சொகுசு என்றுதான் நினைத்தேன். ஊரில் இரண்டு மூன்று பேரை ஒரே ஆளாகப் பார்த்தவள் அல்லவா! ஆனால் இங்கே குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து கலப்பது, மணிக்கு மணி சார்ட் எழுதுவது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனைவிக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த ஒருத்திதான். பன்னிரண்டரை மணி நேர ஷிப்ட் எங்கே போகும் என்றே தெரியாது.

வேலை பழகிவிட்டது. வாய்தான் பழகவில்லை. இரண்டாவது மாதம், காலை ரவுண்ட்ஸ். என் நோயாளிக்கு அன்று வெண்டிலேட்டர் டியூபை எடுத்துவிடலாம் என்று பேச்சு. கன்சல்டன்ட், அதாவது பெரிய டாக்டர், என் பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்றார். யாரைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. இரவு முழுக்கச் சளி கெட்டியாக வந்ததும், சக்‌ஷன் குழாயை விட்டால்கூட அவருக்குச் சரியாக இருமல் வராததும் எனக்குத் தெரியும். அதைத் தரையைப் பார்த்தபடி சொன்னேன். “சரி, இன்று வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவு சுலபமாக ஒரு பெரிய டாக்டர் என் பேச்சைக் கேட்டதில் எனக்குப் பயம்தான் வந்தது. நான் சொன்னது தப்பாக இருந்தால்?

2019-ல் பேண்ட் 6-க்கு முதல் இன்டர்வியூ. தோற்றேன். காரணம் கேட்டபோது, “எல்லாக் கேள்விக்கும் ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொன்னீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடைசி வரை தெரியவில்லை” என்றார்கள். இதற்கு என்ன செய்வது? ‘நான் செய்தேன், நான் செய்தேன்’ என்று பேசுகிறவரை எங்கள் வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று ‘நான்’ சொல்லிப் பழகினேன். கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. அந்த வருடக் கடைசியில் இரண்டாவது முறை கிடைத்தது.

நாலு மாதத்தில் கோவிட். ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கு காணாமல் போனது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் வார்டிலிருந்தும் உதவிக்கு வந்தவர்களை வைத்துக்கொண்டு ஒரு ஐசியூ நர்ஸ் மூன்று நான்கு பேரைப் பார்த்தாள். மாஸ்க்கும் வைசரும் போட்டால் யார் எவர் என்று தெரியாது. அதனால் ஏப்ரன் நெஞ்சில் மார்க்கரால் பெயரையும் பதவியையும் எழுதிக்கொள்வோம். ஆளைக் குப்புறப் புரட்டும்போது தலைமாட்டில் டியூபைப் பிடித்திருப்பவர்தான் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுவார். மற்ற ஆறு பேரில் யார் எந்தப் பக்கம், மருந்து ஏறும் எந்த லைனை யார் பார்ப்பது என்று சொல்ல வேண்டியது நான். மாஸ்க்குக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னால் யாருக்கும் கேட்காது. கத்தினேன். கன்சல்டன்ட்டையும் சேர்த்துத்தான் கத்தினேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023-ல் பேண்ட் 7. கருநீல உடுப்பு. கோஆர்டினேட்டர் டியூட்டி அன்று எனக்கென்று நோயாளி கிடையாது. யார் இன்னும் சாப்பிடப் போகவில்லை, எந்தக் கட்டில் மதியம் காலியாகும், புதிதாக வந்த பெண் யாரிடமும் கேட்காமல் தனியாகத் திணறுகிறாளா, இதுதான் வேலை. கட்டிலோரம் நிற்பதை விட்டுவந்தது இன்னும் உறுத்துகிறது. அதனால் சமயம் கிடைத்தால் ஐசியூ டைரி எழுதுவேன். மயக்கத்தில் இருப்பவர் பின்னால் படிப்பதற்காக நர்ஸ்களும் குடும்பமும் எழுதி வைக்கும் நோட்டு அது. ‘இன்று உங்கள் மகள் வந்து தலை வாரிவிட்டாள். வெளியே பனி.’ இப்படி இரண்டு வரி போதும். ஐஇஎல்டிஎஸ்காரர்கள் இதைப் பார்த்தால் என்ன மார்க் போடுவார்களோ.

ஆர்டர் வந்த அன்று அம்மாவுக்கு வீடியோ காலில் சொன்னேன்: “அம்மா, நான் சிஸ்டர் ஆயிட்டேன்.”

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்போ இத்தனை வருஷம் அங்க என்னவா இருந்த?”