என்.எஸ். என்று வந்த இரண்டு பட்டம்

2010 சித்திரை. மார்கழிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, பாத்திவாரியாகச் சாக்கில் கட்டிக் களத்தில் காய வைத்திருந்தோம். மொத்தம் 24 சாக்கு. ஒவ்வொன்றின் வாயிலும் பாத்தி எண் எழுதிய துணித்துண்டு. நான் எடை போட்டுச் சொல்லச் சொல்ல, கூட வேலை பார்த்த அக்கா நோட்டில் எழுதினார். அன்று சாயங்காலமே எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். அட்டவணை வந்தது. ஜிப்சம் வரியில் ஒரு எண் இருந்தது. இலைத்தெளிப்பு வரியில் இரண்டே எழுத்து: என்.எஸ்.

வேளாண் ஆராய்ச்சி அட்டவணைகளின் அடியில் சி.டி. என்று ஒரு வரி வரும். இரண்டு ட்ரீட்மென்ட்டுகளின், அதாவது பாத்திக்குப் பாத்தி மாற்றிச் செய்து பார்க்கும் முறைகளின், விளைச்சல் அந்த அளவைத் தாண்டி வேறுபட்டால்தான் அதை ட்ரீட்மென்ட்டின் வேலை என்று எடுத்துக்கொள்வோம். அதற்குக் குறைந்த வித்தியாசம் மண்ணின் மேடுபள்ளத்தாலும் வந்திருக்கலாம், தண்ணீர் முன்பின் பாய்ந்ததாலும் வந்திருக்கலாம். நம்பும்படி வித்தியாசமே தென்படாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக என்.எஸ். என்று போடுவார்கள். நாட் சிக்னிஃபிகன்ட்.

நான் அப்போது ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் எஸ்.ஆர்.எஃப்., அதாவது சீனியர் ரிசர்ச் ஃபெலோ. தொகுப்பூதிய வேலை. கடைகளில் பாட்டிலில் விற்கும் ஒருவகை இலைத்தெளிப்புத் திரவம் கடலை விளைச்சலைக் கூட்டுகிறதா என்று பார்ப்பது எங்கள் திட்டம். பாதிப் பாத்திகளுக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டோம், பாதிக்குப் போடவில்லை. இரண்டு பாதியிலும் தெளிப்பு நான்கு விதம்: திரவத்தில் மூன்று அளவு, நான்காவது வெறும் தண்ணீர். எட்டு ட்ரீட்மென்ட், மூன்று ரெப்ளிகேஷன், அதாவது எட்டும் சேர்ந்த தொகுப்பு மூன்று முறை. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம்.

முதலில் 2009 ஆடிப்பட்டத்தில் விதைத்தது வீணாய்ப் போனது. காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி புகுந்து ஒரு ரெப்ளிகேஷனை முழுக்கக் கிளறிவிட்டது. அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அது கெட்டுப்போன பரிசோதனை, அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. மார்கழிப் பட்டம் அப்படியில்லை. பயிர் சீராக வந்தது. ஜிப்சம் போட்ட பாத்திகளின் சராசரி ஹெக்டேருக்கு 2,290 கிலோ, போடாதவை 1,950. அந்த வயலுக்கு வித்தியாசம் காட்டத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே வயலில், அதே வெயிலில், வெறும் தண்ணீர் தெளித்த பாத்திகள் 2,105 கிலோ கொடுத்தன. திரவம் தெளித்தவை 2,130, 2,090, 2,150. அடுத்த ஆடியில் மறுபடி போட்டோம். மறுபடியும் என்.எஸ்.

இந்த முடிவைப் பார்த்து உண்மையில் எனக்கு உற்சாகம்தான் வந்தது. நிலக்கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை இலையிலிருந்து இறக்கிக்கொள்வதில்லை. வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு மேலேறி இலைக்குப் போய்விடும், அங்கிருந்து திரும்பி இறங்காது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் தங்கள் தோல் வழியாகப் பக்கத்து மண்ணிலிருந்தே அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் கால்சியம் உள்ள ஜிப்சத்தைக் காய் பிடிக்கும் இடத்திலேயே போட்டு மண் அணைக்கிறோம். எங்கள் வயலில் குறையாக இருந்தது கால்சியம். மற்ற சத்துகள் மண் பரிசோதனையில் போதுமான அளவில் இருந்தன. இலைமேல் தெளித்ததும் பயிர் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரிந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பச்சை காய்க்கு வந்து சேரவில்லை. இந்த மண்ணில் எது வேலை செய்யும், எது செய்யாது என்பதை எங்கள் அட்டவணை பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருந்தது. இதைவிட ஒரு பரிசோதனையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

திட்டத் தலைவர் நல்ல மனிதர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "என்.எஸ்.ஸை வச்சு என்ன பேப்பர்மா எழுதறது? ஜிப்சத்தை மட்டும் ரிப்போர்ட்ல போடு" என்றார். நான் சரி சார் என்றேன். இறுதி அறிக்கையில் ஜிப்சம் அட்டவணை மட்டும் போனது. கடலைக்கு ஜிப்சம் நல்லது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். யாருக்கும் தெரியாமல் எங்களிடம் மட்டும் இருந்த செய்தி பீரோவுக்குள் போனது. அவர் மேல் பழி போட்டுவிட்டு நான் ஒதுங்க முடியாது. எனக்கும் அடுத்த வேலைக்கு பேப்பர் எண்ணிக்கை தேவைப்பட்டது, நானும் அந்த நோட்டைத் திரும்ப எடுக்கவில்லை.

2014-இல் வேறொரு மாவட்டத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளும் எஸ்.ஆர்.எஃப். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். கடலையில் அதே மாதிரித் திரவத்தைத் தெளித்து மூன்று பட்டம் பார்த்துவிட்டாளாம், மூன்றிலும் என்.எஸ். தெளித்த நேரம் தப்பா, அளவு தப்பா, தன் கையில்தான் ஏதோ கோளாறா என்று கேட்டாள். குரலில் அழுகை தெரிந்தது. "கோளாறு இல்லம்மா, எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு" என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "எப்பக்கா?"

நாலு வருடத்துக்கு முன்னால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் திட்டத்தைத் தொடங்கும் முன் படித்ததெல்லாம் அந்தத் திரவம் விளைச்சலைக் கூட்டியது என்று சொன்ன கட்டுரைகள். அவை பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. சத்துக் குறைந்த மண்ணில் செய்திருக்கலாம். இல்லையென்றால், பத்து இடத்தில் செய்து பார்த்ததில் தற்செயலாக எண் தூக்கிய ஒரு இடம் மட்டும் அச்சுக்குப் போயிருக்கலாம். மற்ற ஒன்பதும் பீரோவில் கிடந்தால் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசன்தால் 1979-லேயே இதற்கு மேசை இழுப்பறைச் சிக்கல் என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பெண் மூன்று பட்டம் வெயிலில் நின்றதற்கு என் இழுப்பறையும் ஒரு காரணம்.

மருத்துவத்தில் இதற்குக் கொடுக்கும் விலை வேறு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1980-இல், மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பைச் சீராக்க லார்கைனைடு என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 95 நோயாளிகள். மருந்து பெற்றவர்களில் 9 பேரும், மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் ஒருவரும் இறந்தார்கள். ஆய்வாளர்கள் அதைத் தற்செயல் என்று நினைத்தார்கள். மருந்தைத் தயாரிக்கும் திட்டமே வியாபாரக் காரணங்களால் கைவிடப்பட, முடிவும் வெளியாகவில்லை. இதற்கிடையில் அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் அமெரிக்காவில் ஏராளமானவர்களுக்குத் தரப்பட்டன. அவை உயிரைக் காப்பதற்குப் பதிலாக எடுக்கின்றன என்பது 1989-இல் இன்னொரு பெரிய ஆய்வை நடுவிலேயே நிறுத்தியபோதுதான் தெரிந்தது. நாட்டிங்ஹாம் முடிவு அச்சேறியது 1993-இல். அதை எழுதியவர்கள், அன்றே வெளியிட்டிருந்தால் ஒரு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இல்லை என்ற விடையை மறைக்காமல் சொன்ன ஒரு பெரிய ஆய்வு எங்கள் ஊரிலேயே நடந்தது. என் அம்மா பிறந்தது திருவள்ளூர் பக்கத்துக் கிராமம், அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். 1968-இல் அந்த வட்டாரத்தில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தியது, உலக சுகாதார நிறுவனமும் துணை நின்றது. சுமார் 2,80,000 பேருக்கு ஊசி. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஜீப் வந்ததும், வரிசையில் நின்றதும், சின்ன டப்பாவில் சளி வாங்கிப் போனதும் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் கையில் தழும்பு இல்லை. மருந்தில்லாத ஊசி கிடைத்திருக்கலாம், தழும்பு மங்கியும் போயிருக்கலாம்.

பிரிட்டனில் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. சுமார் 80 சதவீதம் பாதுகாப்பு தந்திருந்தது. இங்கேயும் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஏழரை வருடம் கழித்துக் கணக்குப் பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவே இல்லை. 1979-இல் முதல் அறிக்கை வெளியானது. அதோடு கோப்பை மூடிவிடவும் இல்லை. அதே ஊர்களைத் தொடர்ந்து கவனித்து, 15 வருடக் கணக்கை 1999-இல் வெளியிட்டார்கள். அப்போதும் விடை மாறவில்லை.

நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஊசியைப் பற்றி இப்படி அச்சில் சொல்வது லேசுப்பட்ட காரியமா? சொன்னதால்தான் அடுத்த கேள்விகள் பிறந்தன. நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் முன்னமே உடலைப் பழக்கிவிடுகின்றனவா? பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடுகளில் ஏன் பாதுகாப்பு குறைகிறது? பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வடிவங்களைத் தடுப்பதால் பி.சி.ஜி. இன்றும் பிறந்ததும் போடப்படுகிறது. ஆனால் பெரியவர்களுக்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்று தேடுபவர்கள், திருவள்ளூர் பக்கத்து மக்கள் கொடுத்த விடையைத் தாண்டிப் போக முடியாது. "நாங்க கை நீட்டினதுக்கு ஒண்ணும் பலன் இல்லையா?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். இருக்கும்மா, எழுதி வச்சிருக்காங்க என்றேன். சொல்லும்போதே என் கடலை நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

வயல்காரர்களுக்கு இதில் சொந்த உறவே உண்டு. வித்தியாசம் இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டு அதை அசைத்துப் பார்க்கும் முறையை வளர்த்தெடுத்த ரொனால்ட் ஃபிஷர், 1919 முதல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் வேலை பார்த்தவர். சீட்டுக் குலுக்கிப் பாத்தி பிரிப்பதும் அங்கிருந்து வந்ததே. அந்த முறையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது தரும் விடைகளில் பாதியை நாம் பீரோவில் போடுகிறோம்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். என்.எஸ். என்றால் பலனே இல்லை என்று அர்த்தமில்லை. மூன்று ரெப்ளிகேஷனில் 50 கிலோ வித்தியாசம் கண்ணுக்குப் படாது. அதனால் வெறும் இரண்டு எழுத்தோடு நிறுத்தாமல், எவ்வளவு வித்தியாசம் வரை இருக்க வாய்ப்புண்டு என்ற எல்லையையும், மண் பரிசோதனை விவரத்தையும், பாத்திவாரி எடையையும் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் நாலு இடத்துச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க முடியும். இல்லை என்ற முடிவுகளுக்கென்றே தனி இதழ் நடத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உயிர் மருத்துவத்தில் அப்படி ஒன்று 2002-இல் தொடங்கி 2017-இல் நின்றது. கடலையைப் பற்றித் தேடுகிறவர் கடலை ஆய்வுகள் வரும் இடத்தில்தான் தேடுவார், எங்கள் முடிவும் அங்கேயே இருக்க வேண்டும். 2013-இல் கார்டெக்ஸ் என்ற நரம்பியல் இதழ் கொண்டுவந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது: பரிசோதனையைத் தொடங்கும் முன்பே கேள்வியையும் முறையையும் மதிப்பிட்டு ஒப்புதல் தந்துவிடுகிறார்கள், சொன்னபடி செய்திருந்தால் முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறார்கள். நம் ஊர் வேளாண் இதழ்களும் இதைச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன்.

இழுப்பறையைத் திறக்க வைத்தது ஒரு விவசாயி. 2016-இல் பயிற்சிக்கு வந்தவர், உரக்கடையில் கடன் சொல்லி வாங்கிய பாட்டிலை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இதை அடிக்கலாங்களாம்மா?"

"எங்க வயல்ல வித்தியாசம் தெரியலைங்கய்யா."

"அப்படீன்னு போட்ட நோட்டீஸ் ஏதாச்சும் இருந்தா கொடுங்கம்மா. கடைக்காரர்கிட்ட காட்டித் திருப்பிக் கொடுத்துடறேன்."

என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவளுடைய மூன்று பட்டம், எங்களுடைய இரண்டு பட்டம். பழைய நோட்டின் பக்கங்களில் செம்மண் கறை. அக்காவின் கையெழுத்து அங்கங்கே வியர்வையில் ஊறியிருந்தது. ஐந்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், தெளித்த பாத்திகளுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 30 கிலோ கூடுதல், அதுவும் உறுதியில்லை. ஏக்கருக்கு 12 கிலோ. இரண்டு முறை தெளிக்கும் மருந்துக்கும் ஆள் கூலிக்கும் அது கட்டாது. பழைய திட்டத் தலைவரிடம் காட்டினேன். ஓய்வுபெற்றுவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்துவிட்டு, "என் பேரையும் போடும்மா" என்றார்.

இரண்டு இதழ்கள் புதிதாக ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றுக்கொண்டது. பாத்திவாரி எடைகளைப் பின்னிணைப்பாகக் கொடுத்தோம், தமிழில் ஒரு பக்க நோட்டீஸும் அடித்தோம். பயிற்சிக்கு வருகிறவர்கள் கையில் இப்போது அதைத்தான் கொடுக்கிறேன்.

போன ஆடியில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு மாணவர் எழுதியிருந்தார். தங்கள் மண்ணில் துத்தநாகம் குறைவு, உங்கள் வயலில் எவ்வளவு இருந்தது, ஆழம் எத்தனை சென்டிமீட்டரில் மண் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். துத்தநாக அளவு கட்டுரையிலேயே இருக்கிறது. ஆழத்தைக் குறிக்க விட்டுவிட்டோம். மண் பரிசோதனை அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அக்காவிடமும் கேட்டிருக்கிறேன்.