எசப்பாட்டுப் பாடிய பெண்கள்

மே 3

அமெரிக்காவின் கிராமிய இசை வகையான கன்ட்ரி இசையின் பாடகி கிட்டி வெல்ஸ் தம் புகழ்பெற்ற பாடலை நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்தது 1952 ஆம் ஆண்டு இதே நாளில்தான். அதனால் இன்று மாலை முழுவதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பாடகர் ஹாங்க் தாம்சனின் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. தன்னைக் கைவிட்டு மதுக்கூடங்களின் வெளிச்சத்தை நாடிப் போன பெண்ணைக் குறைகூறி ஓர் ஆண் புலம்பும் பாடல் அது. அதே மெட்டில் அமைந்த எசப்பாட்டுதான் கிட்டி வெல்ஸின் 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. மணமான பின்பும் தனியாள் போலத் திரியும் ஆண்களே பெண்கள் தடம் மாறக் காரணம் என்று அது பதில் சொல்கிறது. இந்தப் பதிலுக்காக அமெரிக்காவின் என்பிசி வானொலி பாடலைத் தடைசெய்தது. நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையும் சில காலம் அதை அனுமதிக்கவில்லை. ஆயினும் பில்போர்டு இதழின் கன்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் அது ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. தனித்துப் பாடிய ஒரு பெண் அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை.

அவருக்கு அப்போது 32 வயது. மூன்று குழந்தைகளின் தாய். பாடுவதையே விட்டுவிடலாம் என்றிருந்தவர், ஒலிப்பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலரை எண்ணித்தான் ஒப்புக்கொண்டார். குரலில் ஆவேசம் துளியும் இல்லை. நெடுநாள் பொறுத்திருந்த ஒருத்தி, கேட்டவருக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்வதுபோல நேராகப் பாடுகிறார். குற்றச்சாட்டின் முழுக் கனமும் அந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

மே 5

அந்த மெட்டு ஹாங்க் தாம்சனுக்கும் முந்தையது. கன்ட்ரி இசையின் முன்னோடிக் குழுவான கார்ட்டர் குடும்பத்தினர் 1929 இல் பதிவு செய்த 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்' பாடலில் அதைக் கேட்கலாம். பாடுபவர் சாரா கார்ட்டர். கிதார் வாசிப்பவர் மேபெல் கார்ட்டர். கட்டைவிரலால் தடித்த நரம்புகளில் மெட்டையும், மற்ற விரலால் மெல்லிய நரம்புகளில் தாளத்தையும் ஒருசேர எழுப்பும் மேபெலின் முறையை, பின்வந்த எத்தனையோ ஆண் கிதார் கலைஞர்கள் பாடமாகக் கொண்டனர்.

மே 14

இன்று கேட்டது கன்ட்ரி பாடகி பேட்சி கிளைன். 1961 ஜூனில் நேர்ந்த கார் விபத்தில் அவர் படுகாயமடைந்தார். ஆகஸ்டில் 'கிரேஸி' பாடலின் ஒலிப்பதிவுக்கு வந்தபோது விலா எலும்பின் வலி ஆறவில்லை. மேல் சுரங்களை எட்ட மூச்சு இடங்கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வாத்தியங்களை மட்டும் பதிவு செய்து வைத்தார். சில வாரங்களுக்குப் பின் பேட்சி வந்து அதன்மேல் பாடினார். தாளத்திற்குச் சற்றுப் பின்தங்கி வந்து, சொல்லின் இறுதியை மெல்ல இழுத்துவிடும் அந்தப் பாணியில், கலங்கிய மனத்தை அறிவு இழுத்துப் பிடிப்பது கேட்கிறது. எழுதியவர் வில்லி நெல்சன் என்றாலும், என் செவியில் அது பேட்சியின் பாடல்தான். 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 30.

மே 23

பாடகி லொரெட்டா லின்னை எவ்வளவு கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. கென்டக்கி மலைப்பகுதியின் புட்சர் ஹாலோவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, 15 வயதில் மணமாகி, கணவர் 17 டாலருக்கு வாங்கித் தந்த கிதாரில் தாமே வாசிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். 1960 இல் முதல் இசைத்தட்டு வெளியானதும் கணவனும் மனைவியும் காரில் ஊர் ஊராகச் சென்று, வானொலி நிலையங்களின் கதவைத் தட்டி அதை ஒலிபரப்பச் செய்தனர். பேட்சி விபத்துக்குப் பின் மருத்துவமனையில் இருந்தபோது லொரெட்டா அவருக்காக வானொலியில் பாட, அதைக் கேட்ட பேட்சி அவரை அழைத்துவரச் செய்தார். அங்கே தொடங்கிய நட்பு பேட்சியின் மரணம் வரை நீடித்தது.

கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' 1972 இல் பதிவாகி, 1975 இல்தான் வெளிவந்தது. பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. ஆண்டுதோறும் பிள்ளை பெற்றுச் சலித்த ஒரு மனைவி, இனி அப்படி இருக்கப்போவதில்லை என்று கணவனிடம் சிரித்த முகத்தோடு அறிவிக்கும் பாடல் அது. இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே நான்கு குழந்தைகளுக்குத் தாயான ஒருவர் பாடும்போது, அதை மறுத்துப் பேச யாருக்குத் தகுதி இருக்கிறது?

ஜூன் 1

பாடகி ஜீன் ஷெப்பர்டைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பேட்சி இறந்த அதே விமானத்தில்தான் ஜீனின் கணவர் ஹாக்‌ஷா ஹாக்கின்ஸும் இறந்தார். ஜீன் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. குழந்தை பிறந்த பின் மீண்டும் மேடையேறினார். கிராண்ட் ஓல் ஆப்ரியில் 1955 முதல் 2015 வரை அறுபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். அத்தகையவரைக் கன்ட்ரி இசையின் புகழ் மன்றம் சேர்த்துக்கொண்டதோ 2011 இல்தான். அந்தத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய 'சாங்ஸ் ஆஃப் எ லவ் அஃபேர்' இசைத்தட்டு 1956 இல் வந்தது. ஒரு பக்கம் காதலியின் தரப்பு, மறுபக்கம் மனைவியின் தரப்பு. இருவரில் எவரையும் அவர் இழிவுபடுத்திப் பாடவில்லை. கன்ட்ரி இசைக்குப் புதிதாக வருபவர்கள் பேட்சியைக் கேட்ட கையோடு இதையும் கேட்க வேண்டும்.